கருமுட்டையும் விந்தணுவும் இணைவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் பாடம் எடுக்கும் எனக்கு ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சிலவற்றை மாணவர்கள் கையை உயர்த்திக் கேட்பார்கள். சிலவற்றைப் பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் கொடுப்பார்கள். நல்ல கேள்விகள் பெரும்பாலும் துண்டுச் சீட்டில்தான் வரும்.

கோடிக்கணக்கான விந்தணுக்கள் ஓட, ஒன்று மட்டும் ஜெயித்து, சும்மா காத்திருந்த முட்டையை அடைந்தது என்ற பந்தயக் கதை எல்லோருக்கும் தெரியும். அது பாதிதான் சரி. கருமுட்டை, விந்தணு இரண்டுமே வேலை முடியாத நிலையில் வந்து சேரும் செல்கள். ஒன்றின் வேலையை இன்னொன்று முடித்துவைக்கிறது. அதைப் புரியவைக்கத்தான் இந்தப் பக்கம்.

இவற்றைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முட்டையைப் பார்க்கலாம், பார்வை கூர்மையாக இருந்தால். மனிதக் கருமுட்டையின் விட்டம் சுமார் 0.1 மி.மீ. நல்ல வெளிச்சத்தில் தூசித் துகள் போலத் தெரியும். விந்தணு அப்படி இல்லை. வாலோடு சேர்த்து அதன் நீளம் சுமார் 0.06 மி.மீ.; தலை மட்டும் என்றால் 0.005 மி.மீ.தான். நுண்ணோக்கி வேண்டும்.

வகுப்புக்கு நான் ஒரு கால்பந்தும், துளையில் பத்து செ.மீ. நூல் கோத்த சட்டைப் பொத்தானும் கொண்டுபோவேன். பந்து முட்டை என்றால் பொத்தான் விந்தணுவின் தலை, நூல் அதன் வால். பொத்தானைப் பந்தின்மேல் வைத்ததும் வகுப்பு சற்று நேரம் பேசாமல் இருக்கும். அதன் பிறகு யாராவது ஒருவர் கேட்பார்: "இவ்வளவு சின்னதுக்குள்ளயா அப்பாவோட பாதி இருக்கு?" ஆமாம், இருக்கிறது.

பாதி என்றால் என்ன கணக்கு?

நம் உடல் செல்களில் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் 46, அதாவது 23 ஜோடி. முட்டையும் விந்தணுவும் அப்படியே 46 வைத்திருந்தால் பிள்ளைக்கு 92 ஆகிவிடும். அதனால் இந்த இரண்டு வகைச் செல்கள் உருவாகும்போது மட்டும் குன்றல் பகுப்பு என்ற தனிவகைப் பிரிதல் நடந்து, ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றே மிஞ்சுகிறது. பிரிவதற்கு முன் ஜோடிகள் அருகருகே படுத்துத் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. ஒரே பெற்றோரின் பிள்ளைகள் ஒருவர்போல் ஒருவர் இல்லாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விந்தணுவுக்குள் என்னென்ன இருக்கின்றன?

தேவையில்லாத அத்தனையையும் இறக்கிவிட்டுப் புறப்பட்ட செல் அது. உருவாகும்போது சாதாரண உருண்டைச் செல்லாகத்தான் இருக்கும். பிறகு உட்கருவைச் சூழ்ந்த கூழான சைட்டோபிளாசத்தின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, மூன்று பாகங்களாக மெலிந்துவிடுகிறது.

தலையில் உட்கரு. மற்ற செல்களில் டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி நூற்கண்டு போல இருக்கும். விந்தணுவில் பெரும்பாலான ஹிஸ்டோன்கள் விலகி, அந்த இடத்தில் புரோட்டமின் என்ற புரதம் வந்து டி.என்.ஏ.வை இறுக்கிக் கட்டிவிடுகிறது. அந்த இறுக்கத்தில் எந்த மரபணுவாலும் வேலை செய்ய முடியாது. கட்டை அவிழ்க்கும் சாமான் விந்தணுவிடம் கிடையாது. அது முட்டையிடம் இருக்கிறது. உட்கருவின் மேல் தொப்பி போல அக்ரோசோம் என்ற பை. உள்ளே முட்டையின் உறைகளைக் கரைக்கவும் துளைக்கவும் உதவும் ஹையலுரோனிடேஸ், அக்ரோசின் போன்ற நொதிகள்.

தலைக்குக் கீழே நடுப்பகுதி. அங்கே ஆற்றல் தரும் உறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் சுருள் வில்லைப் போல வரிசையாகச் சுற்றியிருக்கும். தலைக்கும் இதற்கும் நடுவில் உள்ள கழுத்தில், நுண்குழல்களை ஒழுங்குபடுத்தும் சென்ட்ரியோல் என்ற சிறு உறுப்பு இருக்கிறது. பள்ளிப் படத்தில் அதைப் பலர் விட்டுவிடுவார்கள். விடக்கூடாது, பின்னால் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

கடைசியாக வால். குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் 2 நுண்குழல்கள், சுற்றிலும் 9 ஜோடிகள். இந்த ஜோடிகளை டைனீன் என்ற புரதம் ஒன்றின்மீது ஒன்று வழுக்க வைப்பதால்தான் வால் அடிக்கிறது.

விந்தும் விந்தணுவும் ஒன்றுதானே?

இல்லை. விந்து என்பது திரவம். அதன் பெரும்பங்கு விந்துப்பைகளிலும் புரோஸ்டேட் சுரப்பியிலும் ஊறி வருகிறது. விந்தணுக்கள் அதன் கொள்ளளவில் மிகச் சிறிய பங்கு. விந்துப்பைத் திரவத்தில் உள்ள ஃபிரக்டோஸ் சர்க்கரை அவற்றுக்கு எரிபொருள். ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைசிகிச்சைக்குப் பிறகும் விந்தின் அளவு குறைந்ததுபோலத் தெரியாததற்கு இதுவே காரணம்.

ஒரு விந்தணு உருவாக எத்தனை நாள் ஆகும்?

விந்தகத்தில் இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து எபிடிடிமிஸ் என்ற குழாய்க்குப் போகிறது. பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 6 மீட்டர் வரும் அந்தக் குழாயில் மேலும் ஒன்றிரண்டு வாரம் ஊர்ந்துதான் நீந்தும் திறனைப் பெறுகிறது. விந்தகங்கள் உடலுக்கு வெளியே தொங்குவதும் வீணாக அல்ல. விந்தணு உருவாக உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்க வேண்டும். கடுமையான காய்ச்சல் வந்தவருக்கு அடுத்த சில வாரங்களில் எண்ணிக்கை குறைந்து, பிறகு தானே மீள்வது உண்டு. ஒரே ஒரு பரிசோதனை முடிவை வைத்து மனம் உடைந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கருமுட்டையின் அமைப்பு எப்படிப்பட்டது?

விந்தணு மூட்டையை இறக்கிவைத்த செல் என்றால், முட்டை வீட்டையே கட்டிக்கொண்டு வந்த செல். வெளியிலிருந்து உள்ளே போவோம்.

முதலில் குமுலஸ் செல்கள். சூலகத்தில் முட்டையைப் பேணி வளர்த்த செல்கள்தான் இவை. அது வெளியேறும்போது விடாமல் கூடவே வருகின்றன. இவற்றை ஒட்டவைத்திருப்பது ஹையலுரானிக் அமிலம் கலந்த கொழகொழப்பான பசை. இவற்றில் முட்டையை ஒட்டி ஒளிவட்டம் போல நிற்கும் உள்ளடுக்குக்குக் கரோனா ரேடியேட்டா என்று பெயர்.

அடுத்தது சோனா பெலூசிடா. கிளைக்கோபுரதங்களால் ஆன, கண்ணாடி போலத் தெளிந்த கெட்டி உறை. மனித முட்டையில் அது நான்கு புரதங்களால் ஆனது. தன் இனத்து விந்தணுவை ஒட்டவைப்பது, ஒன்று நுழைந்தபின் மற்றவற்றைத் தடுப்பது, பின்னர் வளரும் கருவைச் சிதறாமல் காப்பது என்று மூன்று வேலைகள் இதற்கு. மொத்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு இதுதான்.

அதற்குள் சிறு இடைவெளி, பிறகு முட்டையின் செல் சவ்வு. சவ்வின் அடியில் ஆயிரக்கணக்கான புறணித் துகள்கள் நொதி நிரம்பிய பைகளாகக் காத்திருக்கும். நடுவில் பரந்த சைட்டோபிளாசம். அதில் லட்சத்துக்கும் மேற்பட்ட மைட்டோகாண்ட்ரியாக்கள், புரதங்கள், முன்கூட்டியே எழுதிவைத்த ஆர்.என்.ஏ. செய்திகள். கருவின் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் விழித்தெழுவது நான்கு முதல் எட்டு செல் நிலையில்தான். அதுவரை கரு ஓடுவது அம்மா கட்டிக்கொடுத்த இந்தச் சாப்பாட்டில்.

பெண் குழந்தை பிறக்கும்போதே முட்டைகளோடு பிறக்கிறது என்கிறார்களே?

உண்மை. தாயின் வயிற்றில் ஐந்தாம் மாதத்தில் பெண் சிசுவிடம் 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பருவமடையும்போது 3 முதல் 4 லட்சம். வாழ்நாளில் வெளிவருபவை சுமார் 400 மட்டுமே. ஆகவே, உங்கள் அம்மா உங்கள் பாட்டியின் வயிற்றில் இருந்தபோதே உங்களுக்கான முட்டைச் செல் உருவாகிவிட்டது.

அந்தச் செல் குன்றல் பகுப்பைத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, பல்லாண்டுகள் அப்படியே காத்திருக்கிறது. முட்டை வெளியேறும் சமயத்தில்தான் முதல் பிரிவு முடிந்து, முதல் துருவ செல் என்ற சிறு பொட்டலம் ஒதுங்குகிறது. உடனே இரண்டாம் பிரிவு தொடங்கி, மறுபடியும் நடுவழியில் நின்றுவிடுகிறது. விந்தணு வந்தால்தான் அது முடியும். வராவிட்டால் முடியாமலேயே அழிகிறது.

வயது கூடக்கூடச் சிக்கல் வருவதன் வேரும் இந்தக் காத்திருப்பில் இருக்கிறது. குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கோஹீசின் புரதம் ஆண்டுக்கணக்கில் தளர்ந்துபோகும். பிரியும்போது ஒன்று கூடவோ குறையவோ போகலாம். 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடினால் டவுன் நோய்க்குறி.

இரண்டும் சந்திப்பது எங்கே?

கருப்பையில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, கருக்குழாயின் அகன்ற பகுதியில், சூலகத்துக்கு அருகே. முட்டையால் நீந்த முடியாது. குழாயின் விரல் போன்ற நுனிகள் அதை வாரிக்கொள்ள, உள்ளே உள்ள குறு இழைகள் நகர்த்திவிடுகின்றன.

விந்தணு வரும் வழியில் பெரும் கழிவு நடக்கிறது. யோனியின் அமிலத்தில் பெரும்பாலானவை மடிகின்றன. கருப்பை வாயின் சளி, முட்டை வெளியாகும் நாட்களில் மட்டும் நெகிழ்ந்து வழிவிடும். கருப்பையின் சுருக்கங்களே பல விந்தணுக்களை மேலே தள்ளுகின்றன. எல்லாம் அவற்றின் நீச்சல் அல்ல. புறப்பட்ட கோடிகளில் முட்டையின் அருகே போய்ச் சேர்பவை சில நூறு இருந்தால் அதிகம்.

அப்படியானால் வேகமான விந்தணுதான் ஜெயிக்கிறது, இல்லையா?

இல்லை. முதலில் ஓடிவந்தது முட்டைக்குள் போக முடியாது. அதற்கு அப்போது தகுதியே இருக்காது. புதிதாக வெளிவந்த விந்தணுவால் முட்டையைக் கருவுறச் செய்ய இயலாது என்பதை 1951இல் மின் சூ சாங், காலின் ஆஸ்டின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தனித்தனியாகக் கண்டறிந்தார்கள். பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் சில மணி நேரம் இருந்தால்தான் அதன் சவ்வில் உள்ள கொலஸ்ட்ரால் கழன்று, மேல்பூச்சு நீங்கி, தலை தயாராகும். இதைத் திறனேற்றம் என்கிறோம். ஆணின் உடலில் தொடங்கிய வேலை பெண்ணின் உடலில்தான் நிறைவடைகிறது.

அடுத்து, முட்டையும் சும்மா இருப்பதில்லை. அதைச் சூழ்ந்த குமுலஸ் செல்கள் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது விந்தணுவின் வாலில் உள்ள கேட்ஸ்பர் என்ற கால்சியம் வாயிலைத் திறக்கும். கால்சியம் உள்ளே பாய்ந்ததும், இதுவரை சீராக நெளிந்த வால் சாட்டை போல விளாசத் தொடங்கும். பசையைக் கிழித்துக்கொண்டு போக அந்த விளாசல் தேவை. முட்டையின் பக்கத்திலிருந்து அழைப்பு வந்த பின்னரே விந்தணு தன் முழுப் பலத்தைக் காட்டுகிறது. பந்தயம் என்ற சொல் இதை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

விந்தணு உள்ளே நுழையும்போது சரியாக என்ன நடக்கிறது?

அக்ரோசோம் பை வெடித்துத் திறக்கிறது. நொதிகள் வெளிவருகின்றன. வாலின் உந்துதலும் சேர்ந்து சோனா உறையில் சாய்வாக ஒரு குறுகிய வழி ஏற்பட, விந்தணு அதைக் கடந்து முட்டையின் சவ்வைத் தொடுகிறது. தலை நுனியால் குத்தி நுழைவதுபோலப் படங்களில் வரைவது தவறு. தலையின் பக்கவாட்டுப் பகுதிதான் சவ்வோடு படுத்து ஒட்டுகிறது.

ஒட்டுவதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு புரதம். விந்தணுவில் உள்ளதை 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, திருமணத்துக்குப் பேர்பெற்ற கோயிலின் பெயரால் இசுமோ என்று அழைத்தார்கள். முட்டையில் அதற்கு ஜோடி எது என்பது ஒன்பது ஆண்டுகள் தெரியாமலே இருந்தது. 2014இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். ரோமானியர்களின் திருமண தேவதை ஜூனோவின் பெயரை வைத்தார்கள். ஜூனோ இல்லாத பெண் எலிகள் ஆரோக்கியமாகவே வாழ்ந்தன. ஆனால் அவற்றின் முட்டை ஒன்றுகூடக் கருவுறவில்லை.

பிறகு சவ்வும் சவ்வும் கலக்கின்றன. விந்தணு தன்னோடு கொண்டுவந்த பி.எல்.சி. சீட்டா என்ற நொதி முட்டைக்குள் கரைகிறது. உடனே கால்சியம் அலை முட்டை முழுக்கப் பரவி, அடங்கி, சில நிமிடங்கள் கழித்து மறுபடி எழுகிறது. இந்தத் துடிப்பு மணிக்கணக்கில் தொடரும். ஆண்டுக்கணக்காக நின்றிருந்த செல்லை எழுப்பிவிடும் குரல் அது.

இரண்டு விந்தணுக்கள் நுழைந்துவிட்டால்?

69 குரோமோசோம்கள் சேரும். அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் கலைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் புறணித் துகள்கள். முதல் கால்சியம் அலை எழுந்ததும் அவை சவ்வுக்கு வெளியே கொட்டுகின்றன. அவற்றின் நொதி சோனா உறையின் புரதத்தை நறுக்கிவிட, அதன்பின் வரும் விந்தணுக்களுக்கு ஒட்ட இடமில்லை. ஜூனோவையும் முட்டை தன் சவ்விலிருந்து உதிர்த்துவிடுகிறது.

உடல் முழுக்க முள் கொண்ட சிறு கடல் உயிரியான கடல் முள்ளெலியின் முட்டையில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். கண்ணாடித் துண்டில் முட்டைகளை வைத்து ஒரு சொட்டு விந்துத் திரவம் விட்டு நுண்ணோக்கியில் கண் வைத்தால், ஒரு நிமிடத்துக்குள் முட்டையின் ஒரு பக்கத்தில் மெல்லிய தோல் கொப்புளம் போலத் தூக்கும். அப்படியே வட்டம் சுற்றிப் பரவி முழு முட்டையையும் மூடிக்கொள்ளும். வெளியே மற்ற விந்தணுக்கள் முட்டி முட்டிப் பார்த்து நிற்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

உள்ளே போன பிறகு?

முட்டையின் நின்றுபோன இரண்டாம் பிரிவு இப்போது முடிந்து, இரண்டாம் துருவ செல் ஒதுங்குகிறது. முட்டைக்குள் உள்ள பொருட்கள் விந்தணுவின் புரோட்டமின் கட்டை அவிழ்த்து, அதன் டி.என்.ஏ.வைத் தாயின் ஹிஸ்டோன்களின்மேல் சுற்றுகின்றன. தலை உப்பி, உருண்டையான முன் உட்கருவாகிறது. தாயின் குரோமோசோம்கள் இன்னொரு முன் உட்கருவாகின்றன.

இனி அந்தச் சென்ட்ரியோலின் வேலை. மனித முட்டையிடம் சென்ட்ரியோல் கிடையாது. விந்தணு கொண்டுவந்த சென்ட்ரியோலைச் சுற்றி நுண்குழல்கள் கதிர்போல விரிந்து, இரண்டு முன் உட்கருக்களையும் நடுவுக்கு இழுத்து வருகின்றன. அவை ஒன்றாகக் கரைந்து ஒரே உட்கரு ஆவதில்லை. அருகருகே நின்று, இரண்டின் சவ்வும் மறைந்து, குரோமோசோம்கள் நேராக முதல் பிரிவுக்கு அணிவகுக்கின்றன. ஏறத்தாழ ஒரு நாளில் இரண்டு செல்.

அப்பாவின் மைட்டோகாண்ட்ரியா என்னவாகிறது?

முட்டைக்குள் நுழையும், ஆனால் யூபிக்விட்டின் என்ற முத்திரை குத்தப்பட்டு அழிக்கப்படும். நம் மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து வந்தவை. மரபுவழியைத் தாய்வழியாகத் தேடிப் போக முடிவது இதனால்தான்.

ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது யார்?

விந்தணு. முட்டை எப்போதும் எக்ஸ் குரோமோசோமைத்தான் தரும். விந்தணுக்களில் ஏறக்குறைய பாதி எக்ஸ், பாதி ஒய். தந்தையும் இதைத் தேர்ந்தெடுப்பதில்லை. தாயைக் குறை சொல்வதற்கு உயிரியலில் இம்மியளவும் இடமில்லை.

இரட்டையர் எப்படி?

இரண்டு முட்டைகள் வெளியாகி, இரண்டு விந்தணுக்களால் கருவுற்றால் சாதாரண உடன்பிறப்புகள் போன்ற இரட்டையர். ஒரே கரு இரண்டாகப் பிரிந்தால் ஒருமித்த இரட்டையர்.

எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?

முட்டை 12 முதல் 24 மணி நேரம். விந்தணு பெண்ணின் உடலில் 5 நாட்கள் வரை. ஆகவே முட்டை வெளியாவதற்கு முந்தைய சில நாட்களே கருத்தரிக்க ஏற்றவை. அது வெளியான பிறகு அவகாசம் மிகக் குறைவு.

இதையெல்லாம் முதலில் யார் பார்த்தது?

விந்தணுவை 1677இல் நெதர்லாந்தின் லீவன்ஹூக் தன் கையால் செய்த நுண்ணோக்கியில் பார்த்தார். பாலூட்டியின் முட்டையை, அது எத்தனையோ மடங்கு பெரிதாக இருந்தும், 1827இல்தான் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் நாயின் சூலகத்தில் கண்டார். 150 ஆண்டு தாமதம்! பெரிய திரவப் பைக்குள் செல்கள் சூழ அது ஒளிந்திருந்ததே காரணம். 1876இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலி முட்டைக்குள் இரண்டு உட்கருக்கள் சேர்வதைப் பார்த்த பிறகே, கருவுறுதல் என்பது உட்கருக்களின் சந்திப்பு என்பது தெளிவானது.

சோதனைக்குழாய் முறையில் இதே படிகள்தான் நடக்குமா?

ஐ.வி.எஃப். முறையில் ஆம். தட்டில் முட்டையை வைத்துச் சுற்றிலும் தயார்படுத்திய விந்தணுக்களை விடுவார்கள். மற்றதை அவையே பார்த்துக்கொள்ளும். திறனேற்றம் பற்றித் தெரிந்த பின்னரே இது கைகூடியது. ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி மூவரின் உழைப்பில் 1978 ஜூலை 25 அன்று உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தார்.

விந்தணு மிகக் குறைவாக இருந்தால், ஒரு விந்தணுவை ஊசியால் நேராக முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை. 1992 முதல் நடைமுறையில் உள்ளது. உறிஞ்சு குழாய் முட்டையை ஒரு பக்கம் பிடித்திருக்கும். துருவ செல் கடிகாரத்தின் 12 அல்லது 6 மணி இடத்தில் வருமாறு முட்டையைத் திருப்பி, 3 மணி இடத்திலிருந்து ஊசியைச் செலுத்துவார்கள். துருவ செல்லுக்குப் பக்கத்தில்தான் குரோமோசோம்கள் இருக்கும். அங்கே ஊசி படக்கூடாது. சவ்வு முதலில் பள்ளமாக உள்வாங்கி, பிறகு பட்டென்று விடும். ஒரே ஒரு விந்தணு உள்ளே. மறுநாள் காலை தட்டைப் பார்க்கும்போது இரண்டு வட்டங்கள் அருகருகே தெரிந்தால் கருவுற்றது என்று பொருள்.

கருவுற்றுவிட்டால் கர்ப்பம்தானே?

இன்னும் இல்லை. கரு பிரிந்துகொண்டே குழாய் வழியே இறங்கி, ஐந்தாறு நாளில் உள்ளே குழிவுள்ள பிளாஸ்டோசிஸ்ட் ஆகும். அதுவரை காத்த சோனா உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, கருப்பையின் உட்சுவரில் பதியும். வழியில் குழாயிலேயே பதிந்துவிட்டால் அது ஆபத்து, உடனே மருத்துவம் தேவை. நன்றாகக் கருவுற்ற பலவும் பதியாமலே போகின்றன. அதற்குப் பெரும்பாலும் குரோமோசோம் பிழையே காரணம். அந்தப் பெண் தூக்கிய பாரமோ ஏறிய படியோ அல்ல. சரியாகப் பதிந்த பிறகே, கர்ப்பத்தைக் காட்டும் எச்.சி.ஜி. ஹார்மோன் ரத்தத்திலும் சிறுநீரிலும் ஏறத் தொடங்கும். அதனால், மாதவிடாய் தள்ளிப்போவதற்கு முன்பே பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோடு தெரியவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். சில நாள் விட்டு மறுபடி பாருங்கள்.